நிகழ்ச்சி இல்லாத நாளில் நடிகர் என்ன செய்கிறார்?

நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்பையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பியிருந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் நடந்த நடிப்புப் பயிற்சிப் பட்டறையில் கலந்துகொண்ட பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. சென்னைக்குப் போய் நாடகக் குழு ஒன்றில் முழுநேரமாகச் சேர நினைக்கிறேன். நல்ல குழு என்று எதை வைத்து முடிவு செய்வது? எத்தனை ஆண்டுகள் இருந்தால் என்னை நடிகன் என்று சொல்லிக்கொள்ளலாம்?
(மாணவர், திண்டுக்கல்)

பதில்: குழுவைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எனக்கு எப்போது வேடம் கிடைக்கும், ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சிகள் நடக்கும் என்பவற்றைத்தான். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனாலும் அவற்றுக்கு முன்பாக நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அடுத்த நாடகத்துக்குத் தேதி குறிக்காத நாள்களில் இந்தக் குழு கூடுகிறதா, கூடினால் என்ன செய்கிறது? நிகழ்ச்சி வந்தால் மட்டும் ஆள்களைத் திரட்டி, அவசரமாக ஒத்திகை பார்த்து, மேடையேறிவிட்டுக் கலைந்துபோகும் குழுவில் பத்து ஆண்டுகள் இருந்தாலும் உங்கள் கணக்கில் பத்து வேடங்கள் சேர்ந்திருக்குமே தவிர, நடிப்பு சேர்ந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சென்னையின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்தில் பிறந்து, சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்டிருந்த ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தபோது, தமிழ் நடிகரின் உடம்புக்கும் குரலுக்கும் வேண்டிய பயிற்சி நம்மிடமே இருக்கிறது என்று உணர்ந்தார். 1977-இல் அவரும் நண்பர்களும் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்கள். அன்று அதில் இருந்தவர்கள் வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கூடியவர்கள்தாம். எண்பதுகளின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி கிடைத்த பிறகே நடிகர்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து முழுநேரக் குழுவாக நடத்த முடிந்தது. அந்தப் பணம் வாங்கித் தந்தது நேரத்தை என்று நான் கருதுகிறேன். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்தின் அடவுகளையும் பாட்டையும் கற்பதற்கும், சிலம்பம் சுற்றுவதற்கும், மூச்சையும் குரலையும் பழக்குவதற்கும், ஒரே காட்சியைப் பத்து விதமாக நடித்துப் பார்த்து ஒன்பதைக் கைவிடுவதற்கும் அந்த நேரம் பயன்பட்டது. அங்கே பயின்ற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்களிடம் நாம் பார்க்கிற உடல் கட்டுப்பாடு இப்படிப்பட்ட நாள்களில் உருவானதே.

அந்த நாள்களில் நடப்பதை நீங்கள் மனக்கண்ணில் காண ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கூடத்துக்குள் அவரவர் போக்கில் நடக்கிறார்கள். யாரும் கைதட்டுவதில்லை, கட்டளை இடுவதில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நொடியில் நிற்க வேண்டும், ஒரே நொடியில் மறுபடி நடக்க வேண்டும். புதிதாக வந்தவர் முதல் சில நாள்கள் அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே எப்போதும் ஓர் அடி பிந்தியே நிற்பார். நான்கைந்து வாரங்கள் கழிந்தால், முன்னால் போகிறவரின் தோள் சற்றே தளர்வதையும், பக்கத்தில் வருகிறவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதையும் அவர் உடம்பு தானாகவே அறியத் தொடங்கும். பிறகு மேடையில் எதிரே நிற்பவர் வசனத்தை மறந்து திணறும்போது, அவர் வாயைப் பார்த்துக் காத்திராமல் காட்சியைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்தவர் இவரே. தனியாகக் கண்ணாடி முன் நின்று எவ்வளவு பழகினாலும் இது வராது; இதற்கு ஆள்கள் வேண்டும், அதுவும் நாள்தோறும் அதே ஆள்கள் வேண்டும்.

ஆண்டுக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். சட்டமாக எதுவும் இல்லை என்றாலும், மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பதாக இருந்தால் சேர வேண்டாம் என்பது என் கருத்து. முதல் ஆண்டு, உங்கள் உடம்பில் இருக்கும் பழக்கங்களை உங்களுக்கே காட்டிக் கொடுப்பதில் போய்விடும். பேசும்போது எந்தத் தோளைத் தூக்குகிறோம், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எப்படி விழுங்குகிறோம் என்பவை அப்போதுதான் தெரியவரும். இரண்டாம் ஆண்டில் ஒரே நாடகத்தை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு அரங்குகளில், சில சமயம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி இல்லாமலும் நடித்திருப்பீர்கள். முதல் நிகழ்ச்சியில் இருந்த பதற்றம் போய், பதினைந்தாவது நிகழ்ச்சியில் சலிப்பு தலைகாட்டும். அந்தச் சலிப்பைக் கடந்து இருபதாவது நிகழ்ச்சியில் எதிரே நிற்பவர் சொல்வதைப் புதிதாகக் கேட்க முடிகிறதா என்பதே நடிகருக்கான உண்மையான சோதனை. மூன்றாம் ஆண்டில் உங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு நீங்கள் பயிற்சி தர நேரும், அப்போது நீங்கள் எதைக் கற்றீர்கள், எதைக் கற்றதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது பிரிந்து தெரியும்.

முழுநேரக் குழுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. 1978-இல் ஞாநி தொடங்கிய பரீக்ஷா, வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலும் விடுமுறையிலும் கூடி நடத்திய குழுதான், ஆனாலும் நவீன தமிழ் நாடகத்தில் அதற்கு உறுதியான இடம் உண்டு. மேலும் நீங்கள் சென்னையையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுபதுகளின் இறுதியில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோர் முன்னின்று நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காந்திகிராமத்தில்தான். அதன் தாக்கத்தில்தான் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் பிறந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் முருகபூபதியின் மணல்மகுடி இருக்கிறது. பல்கலைக்கழகப் படிப்பாகவே கற்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை உண்டு. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு; ஆனால் அதற்குப் பட்டப்படிப்போடு, குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். ஆகவே அங்கே போக நினைத்தாலும் இப்போது ஒரு குழுவில் சேர்வது வீணாகாது. பட்டப்படிப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதும், பாட்டுக்குக் குரல் கொடுப்பதும், மேடைச் சாமான்களை எடுத்து வைப்பதும்தான் அவள் வேலை. ஒத்திகை முடிந்து வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிறது. அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா?
(ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று மகளின் வளர்ச்சி, மற்றொன்று அவளுடைய பாதுகாப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கூட்டத்தில் நிற்பதையும் சாமான் தூக்குவதையும் தாங்கள் எடுபிடி வேலையாக எண்ண வேண்டாம். பாரிஸ் நகரின் ஓரத்தில், முன்பு தோட்டாத் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில், அரியான் முனுஷ்கின் என்ற பெண் இயக்குநரின் தலைமையில் தியேத்ர் துய் சொலேய் என்ற குழு இயங்குகிறது. 1964-இல் தொடங்கிய அந்தக் குழுவில் முதன்மை வேடம் ஏற்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே சம்பளம். சமையலும் துப்புரவும்கூட அங்கே எல்லாருக்கும் பொது. உலகப் புகழ் பெற்ற அந்த நடிகர்கள்தாம் 2016-இல் மேடையேறிய ஒரு நாடகத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்து, புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் மாணவர்களாகத் தெருக்கூத்து கற்றார்கள். நம் கூத்து மரபிலும் பின்பாட்டுப் பாடிப் பாடியே பழைய வேடங்களைப் பாடம் பண்ணியவர்கள் உண்டு. மேடையில் இரண்டு மணி நேரம் பேசாமல் நின்று, பேசுகிறவரை முழுக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருப்பது வசனம் பேசுவதைவிடக் கடினமான நடிப்பு.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சாமான் எடுத்து வைக்கும் வேலை எல்லாருக்கும் முறை வைத்து வருகிறதா, அல்லது புதியவர்களுக்கும் பெண்களுக்கும் மட்டுமே வருகிறதா என்று மகளிடம் கேளுங்கள். நிகழ்ச்சி இல்லாத நாள்களில் அவளுக்குப் பயிற்சி நடக்கிறதா, பெரிய வேடங்களை ஒத்திகையிலாவது செய்து பார்க்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள். இவற்றுக்கு அவள் தெளிவாகப் பதில் சொன்னால் இரண்டு ஆண்டு அதிகமில்லை, இருக்கட்டும். தயங்கினால், நாடகத்தை விடச் சொல்ல வேண்டாம். வேறு குழுவைப் பார்க்கச் சொல்லுங்கள். அ. மங்கையின் மரப்பாச்சி போலப் பெண்களின் வாழ்க்கையை மையமாக வைத்து நாடகம் செய்யும் குழுக்களும் தமிழகத்தில் உண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கலை என்ற பெயரில் எந்த விட்டுக்கொடுத்தலும் தேவையில்லை. இரவு ஒத்திகைக்குப் பின் வீடு சேர்க்கும் பொறுப்பு குழுவினுடையது. நெருங்கித் தொட்டு நடிக்கும் காட்சிகள் இருந்தால் அவற்றை முன்கூட்டியே பேசி, நடிகையின் சம்மதத்தோடு, எல்லார் முன்னிலையிலும் அமைக்க வேண்டும். ‘கூச்சத்தைப் போக்குகிறேன்’ என்று தனியறைக்கு அழைக்கும் பயிற்சி எதுவும் நடிப்பில் கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். இதைத் தங்கள் மகளும் தெரிந்து வைத்திருக்கட்டும், குழுவை நடத்துகிறவர்களும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பழைய பாய்ஸ் கம்பெனிகளில் அடி, உதை, அரை வயிற்றுச் சோறு என்றுதான் படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து எப்படி அவ்வளவு பெரிய நடிகர்கள் வந்தார்கள்? அந்தக் கண்டிப்பு இன்றைய குழுக்களில் இல்லாததுதான் குறையா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: அடியினால் நடிகர்கள் உருவானார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு; அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. வறுமையினால் கும்பகோணத்திலிருந்து கம்பெனிக்கு அனுப்பப்பட்ட எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணனும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து சீதை வேடம் போட்ட, பின்னாளில் சிவாஜி என்று பேர் பெற்ற கணேசனும் அடுத்தடுத்து வந்தவர்கள். இவர்கள் எல்லாருக்கும் கிடைத்த பொதுவான பேறு, விழித்த நேரம் முதல் படுக்கும் வரை நாடகத்துக்குள்ளேயே இருந்ததுதான். காலையில் பாட்டு, பிறகு வசனப் பாடம், மாலையில் ஒத்திகை அல்லது நாடகம். ஒரு வேடத்தை மட்டும் கற்றுக்கொண்டு நிற்க யாருக்கும் இடமில்லை. இன்று ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), நாளை ராஜபார்ட் (நாயக வேடம்), அடுத்த ஊரில் பபூன் (கோமாளி) என்று மாறி மாறிச் செய்ததால் முழு நாடகமும் ஒவ்வொரு சிறுவனுக்கும் மனப்பாடமாக இருந்தது. சிறுவர்களின் ஆற்றலை அறிந்து எழுதித் தர அருகிலேயே வாத்தியார் இருந்தார். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் வியந்து பதிவு செய்திருக்கிறார்.

கொடுமையும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. மகரக்கட்டு வந்து குரல் உடையும் வயதில், அதுவரை கூட்டத்தை ஈர்த்துவந்த பையன் ஒரே மாதத்தில் வேண்டாதவனாகிவிடுவான். பாடம் போய், வேடம் போய், பள்ளிப் படிப்பும் இல்லாமல் அவன் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். பேர் பெற்ற பத்துப் பேரைப் பற்றி நாம் பேசுகிறோம்; குரல் உடைந்ததோடு காணாமல் போனவர்களின் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. இன்றைய குழுக்கள் அந்தக் கம்பெனிகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அன்றாடப் பயிற்சியையும், எல்லா வேடத்தையும் எல்லாரும் அறிந்திருந்த முறையையும்தான். அவற்றுக்குப் பிரம்பு தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை.

கேள்வி: குழுவில் மாதம் கிடைக்கும் தொகை அறை வாடகைக்குக்கூடப் போதவில்லை. சில குழுக்கள் நம்மிடமே கட்டணம் கேட்கின்றன. எப்படிப் பிழைப்பது?
(நாடக நடிகர், சென்னை)

பதில்: நாடகத்தில் இருந்துகொண்டு நாடகத்தால் மட்டும் சென்னையில் வாழ்கிறவர்கள் மிகச் சிலரே. ஆகவே இரண்டாவது வருமானம் ஒன்றைத் தேடிக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. பள்ளிகளில் நாடக வகுப்பு எடுப்பது, பின்னணிக் குரல் கொடுப்பது, நிறுவனங்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது ஆகியவை உங்கள் தொழிலுக்கு அருகிலேயே இருக்கும் வேலைகள். கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தபடியே நடிப்பைக் கவனித்துக் கற்றவர்தான் விஜய் சேதுபதி. இரவில் கண்விழிக்கும் வேலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தூக்கம் கெட்ட உடம்போடு காலைப் பயிற்சிக்கு வருவதால் பயனில்லை.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம், 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. நாடகமும் அதில் அடங்கும். ஏற்கெனவே ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதால், நீங்கள் பெற்ற பயிற்சிக்கும் பங்கேற்ற நாடகங்களுக்கும் சான்றுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். நாடகக் குழுக்களுக்கே நடிகர்களின் மாதத் தொகைக்காக வழங்கப்படும் நல்கையும் அந்த அமைச்சகத்தில் உண்டு. உங்கள் குழு அதைப் பெறுகிறதென்றால், உங்கள் பெயரில் எவ்வளவு வருகிறது என்று அறியும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை, எத்தனை மாதம், என்ன பாடம், யார் கற்பிப்பார்கள் என்று எழுத்தில் தந்தால் கட்டலாம். வேடத்துக்குக் கட்டணம் கேட்டால் அந்தக் குழுவின் படியேற வேண்டாம்.

கேள்வி: சினிமாவில் ஒரு சிறு வேடம் வந்தது. ‘நாடகத்தை ஏணியாக்கிக்கொள்ளாதே’ என்று எங்கள் இயக்குநர் கோபித்துக்கொண்டார். போவது துரோகமா?
(வாசகர், மதுரை)

பதில்: துரோகம் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுக்காமல், உங்கள் வேடத்தை இன்னொருவருக்குப் பழக்காமல் போனால் அது தவறு. ஏனென்றால் உங்களோடு சேர்ந்து பத்துப் பேரின் ஆறு மாத உழைப்பு நின்றுபோகும். தேதிகளைக் காட்டி, யார் உங்கள் இடத்தில் நிற்பார் என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு இயக்குநரிடம் பேசுங்கள். கோபம் தணிவதற்கு இடமிருக்கிறது.

கேள்வி: நான் நாகர்கோவில்காரன். என் பேச்சைக் கேட்டாலே ஒத்திகையில் சிரிக்கிறார்கள். வட்டார வழக்கை விட்டால்தான் நல்ல வேடம் கிடைக்கும் என்று மூத்த நடிகர் ஒருவர் சொல்கிறார்.
(இளம் நடிகர், நாகர்கோவில்)

பதில்: விட வேண்டாம், கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் உங்கள் ஊரிலிருந்து டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி வழியாக வந்தவர். தமிழ்நாடு முழுவதும் அவர் பேச்சை விரும்பிக் கேட்டது. நடிகருக்குப் பல பேச்சுகள் கைவசம் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று பிறந்த ஊருடையதாக இருப்பது பெரிய முதல். நாள்தோறும் காலையில் செய்தித்தாளின் ஒரு பத்தியை எடுத்து, முதலில் உங்கள் வழக்கிலேயே உரக்கச் சொல்லுங்கள். பிறகு அச்சில் உள்ளபடி ழகர, ளகர, லகர வேறுபாடு கெடாமல் வாசியுங்கள். மூன்றாவதாக, உங்கள் குழுவில் இருக்கும் கோவைக்காரர் அல்லது தஞ்சாவூர்க்காரர் ஒருவரை அதையே அவர் வழக்கில் சொல்லச் சொல்லி, வாக்கியத்தின் எந்த இடத்தில் அவர் மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார் என்று கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். சிரிக்கிறவர்களையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் நாகர்கோவில் வழக்கு ஒரு நாள் தேவைப்படும்.